தீட்டு மாதிரி நெனச்சிக்குங்க

நான் ஒரு முட்டாள். என் மனைவி கல்யாணமான மறுவாரத்திலிருந்தே இதைச் சொல்லிவருகிறாள். சாட்சி போதவில்லை என்று நான்தான் வழக்கை இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். கோவிட் காலத்தில் அந்தச் சாட்சியை நானே என் வாயால் பேசி, கைப்பேசியில் பதிவு செய்து, வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்க அனுப்பியும் வைத்தேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மறந்திருந்தால் இதை நான் எழுத வேண்டி வந்திருக்காது. அவர்கள் அதை நம்பிவிட்டார்கள்.

அப்போது நான் சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றி இறக்கும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தேன். வீடு கோலா கெத்திலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தாமான் குடியிருப்பில். தோட்டத்தில் கித்தா என்னும் ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை போட்டபோது லய வீடுகளைக் காலி செய்துவிட்டு வந்தவர்கள்தான் அங்கே பாதிப்பேர். வீடு மாறினோமே தவிர, வாசலில் நின்று எதிர்வீட்டுச் சட்டியில் என்ன குழம்பு என்று கேட்கும் பழக்கம் மாறவில்லை.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வருவதற்குச் சில நாள் முன்னால், தொழிற்சாலையில் ஓட்டுநர்களை எல்லாம் வெயிலில் நிற்க வைத்து, மலாய்க்கார அதிகாரி ஒருவர் அரை மணி நேரம் விளக்கம் சொன்னார். ஒரு மீட்டர் இடைவெளி, முகக்கவரி, கை கழுவுதல். பஸ் இருக்கைகளில் ஒன்றுவிட்டு ஒன்றில் பெருக்கல் குறி ஒட்ட வேண்டும் என்று ஆளுக்கொரு சுருள் ஸ்டிக்கர் கொடுத்தார். அந்த அரை மணி நேரப் படிப்போடும் மிச்சமான ஸ்டிக்கரோடும் வீட்டுக்கு வந்தவன், என்னை நானே தாமானின் சுகாதார மந்திரியாக நியமித்துக்கொண்டேன். பதவிப் பிரமாணத்துக்கு என் மனைவி வரவில்லை. துணி காயப்போடுகிற வேலை இருந்ததாம்.

வானொலியில் 'கூடல் இடைவெளி' என்றார்கள். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் யாருக்கும் விளங்கவில்லை. எதிர்வீட்டு அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"அது என்னா தம்பி, கூடல் எடவெளி? புருஷன் பொண்டாட்டி சமாச்சாரமா?"

"அதுவுந்தான்க்கா. உங்களுக்குத்தான் அண்ணன் போய்ச் சேந்துட்டாரே, நீங்க கவலப்படாதீங்க."

"செருப்பு பிஞ்சிரும்."

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தாமானில் வளைகாப்பு, சடங்கு, சாவு எதுவானாலும் முன்னால் நிற்பது அவர்தான். எந்தத் தீட்டு எத்தனை நாள், எந்தப் பங்காளி வரைக்கும் பிடிக்கும், என்றைக்கு வீடு கழுவ வேண்டும், எல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும். பூசாரியே சந்தேகம் வந்தால் அவருக்குத்தான் போன் போடுவார். கெட்ட மனசு கிடையாது. சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று முதல் நாள் சோறு அவர் வீட்டிலிருந்துதான் வரும்.

அப்பாவுக்கும் ஒரு மீட்டர் விளங்கவில்லை. காது மந்தம் வேறு.

"ஒரு மீட்டர்னா எவ்வளவுடா?"

"கித்தா மரத்துக்கு மரம் எவ்வளவு தூரம் இருக்கும்? அதுல மூணுல ஒரு பங்குப்பா."

அவர் சற்று யோசித்தார். "அப்ப நான் வாழ்க்க பூரா அதவிட தூரமாதான நின்னுருக்கேன். எனக்கு எதுக்கு இத சொல்ற?"

நியாயம்தான். பால் மரம் சீவுகிறவனைப் போலத் தனியாக வேலை செய்கிறவன் யார் இருக்கிறான். விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு போனால், அடுத்த நிரையில் இருப்பவன் இருமுவது மட்டும்தான் துணை. இடைவெளி எல்லாம் அவருக்குப் பழகியது. பழகாதது மத்தியானம் வீட்டுக்கு வந்தபிறகு யாரும் பக்கத்தில் இல்லாமல் இருப்பது.

தாமான் விதிகளை ஒரு மாதிரி கடைப்பிடித்தது. போலீஸைக் கண்டால் முகக்கவரி மூக்குக்கு மேல் ஏறும். சொந்தக்காரனைக் கண்டால் தாடைக்கு இறங்கும். சிடாம் கிரியில் ஒரு சாவு விழுந்தபோது, எங்கள் ஆட்கள் ஒரே வேனில் நெருக்கியடித்துக்கொண்டு போய், சாவு வீட்டு வாசலில் மட்டும் ஒரு மீட்டர் தள்ளித் தள்ளி இறங்கினார்கள். கேட்டால், "வேன்ல நம்ம ஆளுங்கதானலா" என்றார்கள்.

எல்லாவற்றையும்விட விளங்காதது தனிமைப்படுத்தல். சிங்கப்பூரிலிருந்து திரும்பி வருகிறவர்களை ஓட்டலில் வைத்துப் பூட்டுகிறார்கள் என்று செய்தி வந்தது. நோயே இல்லாதவனை எதற்கு அடைக்கிறார்கள் என்று தாமானில் ஒரே சண்டை. அரசாங்கம் நம் ஆட்களை மட்டும்தான் பிடிக்கிறது என்றார் ஒருவர். ஓட்டல்காரன் பிழைக்க வழி என்றார் இன்னொருவர். மந்திரி சும்மா இருக்க முடியுமா? கைப்பேசியை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினேன்.

"ஐயாமாரே, அம்மாமாரே, இத தீட்டு மாதிரி நெனச்சிக்குங்க. சாவு வீட்டுக்காரனுக்கு காய்ச்சலா, தலவலியா? ஒண்ணும் இல்ல. ஆனாலும் தள்ளி நிக்கிறான்ல? கோயிலுக்கு வராம இருக்கான்ல? நாள் கழிஞ்சதும் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு நம்மளோட கலந்துக்கிறான்ல? இதுவும் அதேதான்லா. வெளியூர்லேர்ந்து வர்றவனுக்கு கவர்மெண்டு போடுற தீட்டு. அவ்ளோதான் சமாச்சாரம். பொண்டாட்டி திட்டுனா எத்தன அடி தள்ளி நிப்பீங்களோ, அத்தன அடி தள்ளி நில்லுங்க. நன்றி, வணக்கம்."

அவ்வளவுதான். சண்டை அடங்கிவிட்டது. அமைச்சும் மருத்துவர்களும் வானொலியும் மாதக்கணக்கில் சொல்லிப் புரியாதது எங்கள் ஆட்களுக்கு ஒரே நிமிடத்தில் புரிந்தது. பதிவு பாலிங்குக்குப் போனது, பினாங்குக்குப் போனது. கிம்மாசிலிருந்து என் மனைவியின் அத்தை மகன், பேசியது நான் என்று தெரியாமல் எனக்கே அனுப்பி, "கேட்டுப் பாருங்க மாப்ள, ஆளு சரியான வாயாடி" என்று எழுதியிருந்தான்.

சிங்கப்பூரிலிருந்து என் தம்பி கூப்பிட்டான். அங்கே ஒரு கிடங்கில் வேலை. எல்லையை மூடியபிறகு ஓர் அறையில் நாலைந்து மலேசியாக்காரர்களோடு அகப்பட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, உங்க வாய்ஸ் இங்க ரூமுக்கே வந்துருச்சுலா. இது என் அண்ணன்டான்னா ஒருத்தனும் நம்ப மாட்றான்."

"அங்க எப்படிடா, எல்லாரும் ரூல்ஸ புரிஞ்சி நடக்குறாங்களா?"

"யாருண்ணே புரிஞ்சிக்கிறா? ஒட்டி நின்னா ஃபைன். பயந்துக்கிறோம். உங்க ஊர்ல பயப்படல, சிரிக்கிறீங்க."

அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பெருமையில் அன்றைக்கு இரண்டு தடவை என் பதிவை நானே போட்டுக் கேட்டேன்.

கொஞ்ச நாளில் தாமானின் முகம் மாறியது. கேட்டுகளில் வேப்பிலை தொங்கியது. வாசலில் வாளி வாளியாக மஞ்சள் தண்ணீர். பாசாருக்குப் போய் ஆயிரம் பேரை உரசிவிட்டு வருகிறவர்கள், அதைக் காலில் தெளித்துக்கொண்டு நேரே உள்ளே போய்ப் பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார்கள். தீட்டுதான் கழிந்துவிட்டதே. நான் சொன்னதில் இருந்த ஓட்டை அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கிருமிக்கு உறவுமுறை தெரியாது. தீட்டுக்கு அது மட்டும்தான் தெரியும். தீட்டு என்று சொல்லிவிட்டால் வெளியிலிருந்து வருகிறவன்தான் தள்ளி நிற்க வேண்டியவன். நமக்குள் என்ன இருக்கிறது, நாம் ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்கள்.

அப்பாவுக்கு அதற்குள் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டிருந்தது. வாரம் மூன்று நாள் சுங்கைப்பட்டாணியில் ரத்தச் சுத்திகரிப்பு. தொழிற்சாலை மூடிக்கிடந்ததால் பஸ் வீட்டுப் பக்கத்துத் திடலில் நின்றது, நான் என் காரில் அவரைக் கூட்டிப்போய் வருவேன். ஊசி, இயந்திரம் எதற்கும் அவர் முனகியதில்லை. வீட்டுக்கு வந்தபிறகு கால் இழுக்கும். கெண்டைக்கால் சதை கல் மாதிரி உருண்டுகொள்ளும். அப்போதுதான் பல்லைக் கடிப்பார். நான் உட்கார்ந்து பிடித்துவிடுவேன்.

"விடுடா. பஸ்ஸுக்கு கியர் போடுற மாதிரி புடிக்கிற."

"வேற எப்படிப்பா புடிக்கிறது?"

"சின்னவன் புடிப்பான். அவன் கைக்கு அது தெரியும்."

அது உண்மைதான். சின்ன வயதிலிருந்தே, அப்பா கித்தாக் காட்டிலிருந்து வந்ததும் கால் பிடித்துவிடுவது தம்பியின் வேலை. என் வேலை பக்கத்தில் நின்று கதை அளப்பது. அப்பாவுக்கு இரண்டும் வேண்டியிருந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சீக்கு முற்றியபிறகு கதை வேண்டாம், கால் மட்டும் போதும் என்று ஆகிவிட்டது. வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். சின்னவன் எப்ப வர்றான்? சிங்கப்பூர் பாலத்தைத் தொறந்துட்டானா?

தம்பி கடைசியில் வந்தான். அப்பாவின் சீக்கைக் காட்டி, முதலாளியிடம் கெஞ்சி விடுப்பு வாங்கி, இரண்டு பக்கத்து அனுமதியும் வாங்கி, ஜோகூரில் ஓட்டலில் அடைபட்டுக் கிடந்து, மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தபிறகு, கையில் கட்டிய பட்டையை வெட்டிவிட்டு, மாநில எல்லைக்கு எல்லை போலீஸிடம் காகிதத்தை நீட்டி நீட்டி, கூட்டாளியின் காரில் வந்து இறங்கினான். அப்பா காலையிலேயே சட்டை போட்டுக்கொண்டு முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். உள்ளே வந்து சின்னவனே சரி செய்யட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

தம்பி கேட்டில் கை வைத்தான். எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது.

"சின்னவனே, அங்கயே நில்லுடா சாமி. எத்தன நாளாச்சு?"

அவன் திரும்பி, ஓட்டலில் இருந்த கணக்கைச் சொன்னான்.

"பதினாறு ஆகலயே."

"அக்கா, கவர்மெண்டு விட்டுருச்சுக்கா. காயிதம் இருக்கு. எனக்கு நெகட்டிவ்."

"கவர்மெண்டுக்கு என்னா தெரியும்? உங்கண்ணன்தானடா சொன்னான், தீட்டுன்னு. தீட்டு எங்கயாச்சும் பதினாறுக்கு முன்ன கழிஞ்சிருக்கா? கேளு அவன."

இரண்டு பக்கத்து வீடுகளிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. என் பதிவை மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடியவர்கள் அவர்கள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இன்னொன்றையும் சொன்னார். வெளிநாட்டிலிருந்து வந்தவன் வீட்டில் இருக்கிறான் என்று தெரிந்தால் டயாலிசிஸ் சென்டரில் அப்பாவுக்கு இடம் கொடுக்க மாட்டார்களாம். அவருக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. சென்டருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அதுவும் தோன்றவில்லை. பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இத்தனை பேர் முன்னால் நான் சொன்னது தப்பு என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. மந்திரிகள் எல்லோருக்கும் இருக்கிற வியாதிதான்.

"கொஞ்ச நாள்தானடா" என்றேன். "பஸ் சும்மாதான கெடக்கு. அதுல தங்கிக்க."

தம்பி திடலில் நின்ற பஸ்ஸைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். சிரித்தான் என்றுதான் அன்றைக்கு எனக்குப் பட்டது. முகக்கவரிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தால் சிரிப்புக்கும் மற்றதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

"ஏர்கோன் ஓடுமாண்ணே?"

"பேட்டரி செத்துப்போச்சுடா."

என் மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்காரனே விட்டுட்டான். உங்களுக்கு என்னாங்க?"

"தாமான்ல என்னா பேசுவாங்க?"

"தாமானா வந்து மாமாவுக்கு கால் புடிச்சி விடுது?"

நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்லி நழுவினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவளுக்கு நினைவிருக்கலாம்.

இப்படியாகத் தம்பி தொழிற்சாலை பஸ்ஸில் குடியேறினான். பூட்டிக்கிடந்த கோயிலின் வெளிக்குழாயில் குளித்தான். பெருக்கல் குறி ஒட்டாத இருக்கைகளில்தான் படுப்பேன், சட்டத்தை மீறமாட்டேன் என்று முதல் நாள் ஜோக்கடித்தான். காலையும் மாலையும் கேட்டுக்கு வெளியே சாக்கடையை ஒட்டி ஒரு நாற்காலி போட்டுக் கொடுப்பேன். அப்பா உள்ளே முன்வாசலில். நடுவே கேட்டும், நீளமான வெறும் சிமெண்டுத் தரையும். ஒரு மீட்டருக்கு நான் மூன்று பங்கு தாராளமாகவே கொடுத்திருந்தேன்.

அப்பாவுக்குக் காது கேட்காது. தம்பி முகக்கவரிக்குள்ளிருந்து பேசுவான். ஆகவே மொழிபெயர்ப்பாளர் நான்.

"என்னா சொல்றான்?"

"சாப்டீங்களான்னு கேக்குறான்பா."

"அவன் எளச்சிட்டான்னு சொல்லு."

நான் கேட்டுக்குப் போவேன். "நீ எளச்சிட்டியாம்டா." தம்பி ஒரு பதில் சொல்வான். நான் திரும்பி அப்பாவிடம் வருவேன். சோற்றுத் தட்டை அவனுக்குக் கொடுப்பதும் நான், வாங்கி வருவதும் நான். பஸ் படியில் அவனோடு உட்கார்ந்து ஒரே போத்தலில் தண்ணீர் குடித்துவிட்டு, மஞ்சள் தண்ணீரைக் காலில் தெளித்துக்கொண்டு உள்ளே போய் அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டேன். தம்பியிடம் கிருமி என்று ஒன்று இருந்திருந்தால், அதை நானே தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். தாமானில் ஒருத்தருக்கும் இது தப்பாகத் தெரியவில்லை. நான் வீட்டு ஆள். தூரம் அவனுக்குத்தான் போட்டிருந்தது.

ஒரு சாயங்காலம், சென்டரிலிருந்து வந்த கொஞ்ச நேரத்தில், அப்பாவுக்குக் கால் இழுத்துக்கொண்டது. வழக்கத்தைவிட மோசம். முன்வாசலிலேயே படுக்க வைத்தோம். அவர் சத்தம் போட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து கேட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, அஞ்சு நிமிஷம்ணே. கால மட்டும் புடிச்சிட்டு போயிர்றேன். ரெண்டு மாஸ்க் போட்டுக்கிறேன். கையில பிளாஸ்டிக் பை கட்டிக்கிறேன்."

கேட்டில் பூட்டுகூட இல்லை. கொண்டிதான். அவன் கை நுழைத்து எடுத்துவிட்டு வந்திருக்கலாம். நான் சொல்லட்டும் என்று நின்றான். நான் எதிர்வீட்டைப் பார்த்தேன். அக்கா அவர் வாசலில் நின்றிருந்தார், கையைப் பிசைந்துகொண்டு. அவர் முகத்திலும் வேதனைதான். ஆனாலும் பதினாறிலிருந்து ஒரு நாளையும் குறைக்கவில்லை.

"இன்னும் ரெண்டு மூணு நாள்தானடா" என்றேன்.

தம்பி அங்கிருந்தே எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். கீழேர்ந்து மேல போங்கண்ணே. கட்ட வெரல மடக்காதீங்க. பாதத்த மேல தள்ளிப் புடிங்க. இல்ல, அப்படி இல்ல. நான் அவன் சொன்னபடி எல்லாம் செய்தேன். பஸ் ஓட்டுகிற கைகள்.

"என்னா சொல்றான்?" என்றார் அப்பா.

"எப்படிப் புடிக்கிறதுன்னு சொல்றான்பா."

"சொல்லிக்குடுத்து வர்றதா அது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அவன உள்ள விடு."

"கவர்மெண்டு ஆர்டர்பா."

கவர்மெண்டு அவனை எப்போதோ விட்டுவிட்டிருந்தது.

அதற்கடுத்த சுத்திகரிப்பு நாள் காலையில், காரைப் பின்னால் எடுத்துக் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்தேன். தம்பி நாற்காலியோடு சாக்கடை ஓரமாக ஒதுங்கி நின்றான். அப்பா என் பக்கத்து இருக்கையில். காரின் கண்ணாடி இறங்கியிருந்தது. அவர் கையை வெளியே நீட்டினார். எதற்கு நீட்டினார் என்று எனக்குத் தெரியும். தம்பியும் ஓர் எட்டு வைத்தான். நான் என் பக்கத்து விசையை அழுத்திக் கண்ணாடியை ஏற்றினேன். அப்பா கையை எடுக்கும்வரை காத்திருந்து, மெதுவாகத்தான் ஏற்றினேன். அந்த அளவுக்கு நான் நல்லவன்.

இயந்திரத்தில் பாதி ரத்தம் ஓடிக்கொண்டிருந்தபோதே அப்பாவின் இதயம் நின்றுவிட்டது.

அந்தக் காலத்தில் யார் செத்தாலும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்துத்தான் உடலைத் தருவார்கள். அப்பாவுக்கும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. மறுநாள் காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

எனக்குப் புத்தி வந்தது அப்போதுதான், அதுவும் வேறு ஒருத்தர் வாயால். வண்டியிலிருந்து அப்பாவை இறக்கும்போது தம்பி கேட்டுக்கு வெளியே, வழக்கமான இடத்தில் நின்றிருந்தான். எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார். முகக்கவரி இல்லை.

"உள்ள வாடா என் ராசா. இனிமே உனக்குத் தனித் தீட்டு ஏது. இப்ப எல்லாருக்கும் ஒரே தீட்டுதானடா."

அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார். நடிப்பு இல்லை. அப்பாவை அவருக்குத் தோட்டத்துக் காலத்திலிருந்து தெரியும். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். சாவுக்கு இத்தனை பேர்தான் என்று போலீஸ் சொல்லியிருந்ததால், பின்சந்து வழியாக முறை போட்டு வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் தம்பியைத் தொட்டார்கள், தோளில் சாய்த்துக்கொண்டார்கள், கன்னத்தைத் தடவினார்கள். முந்தின நாள்வரை அவன் நாற்காலிப் பக்கமே வராதவர்கள். தம்பி கைகளைத் தொங்கவிட்டபடி, கம்பம் மாதிரி நின்றான்.

பிறகு உள்ளே போய் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தான். கால் கட்டை விரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். வேட்டியைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, கெண்டைக்காலைக் கீழிருந்து மேலாகப் பிடித்துவிட ஆரம்பித்தான். பாதத்தை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலை மடக்காமல். யாரோ தடுக்க வந்தார்கள். என் மனைவி அவர்களைத் தள்ளிக்கொண்டு போனாள். குளிப்பாட்டத் தூக்கும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது காரில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் எதையாவது பேசியிருக்க வேண்டும். எந்தச் சாவு வீட்டிலும் ஒரு கதை சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைக்கிறவன் நான். வாய் வரவில்லை. கோலா கெத்தில் முனையில் போலீஸ் தடுப்பில் நின்றபோது தம்பிதான் பேசினான்.

"எனக்கும் நெகட்டிவ். அப்பாவுக்கும் நெகட்டிவ்."



கருமாதிவரை அவன் இருக்கவில்லை. விடுப்பு முடிந்துவிட்டது, திரும்பிப் போனால் அங்கேயும் ஓர் அறையில் அடைபட்டுக் கிடக்க வேண்டும். போகிற அன்று, "வீட்ல ஒரு நாளாச்சும் படுத்துட்டுப் போடா" என்றேன். பெட்டியைப் பஸ்ஸிலிருந்தே எடுத்துக்கொண்டு போய்விட்டான். பதினாறாம் நாள் நான் மொட்டையடித்துக்கொண்டு தனியாக எல்லாம் செய்தேன். அக்கா வீட்டைக் கழுவிவிட்டு, "அவ்ளோதான் தம்பி. கழிஞ்சிருச்சு. இனிமே யார் வேணா வரலாம்" என்றார்.

சில நாள் கழித்து அப்பாவின் போர்வையை எடுத்துவர சென்டருக்குப் போனேன். அங்கே குளிரும் என்று ஆளுக்கொரு போர்வை வைத்திருப்பார்கள். அதை மடித்துக் கொடுத்த நர்ஸ் மிஸ்ஸியிடம், எதற்காகக் கேட்டேனோ தெரியவில்லை, கேட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்தவர் வீட்டில் இருந்தால் நீங்கள் நோயாளியைச் சேர்த்துக்கொள்வீர்களா?

"ரிலீஸ் லெட்டர் இருந்தா என்னா அங்கிள்? ஏன், யாராச்சும் வந்துருந்தாங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது பாலம் திறந்து வருடங்கள் ஆகின்றன. வார இறுதிகளில் அந்தப் பக்கத்திலிருந்து வருகிற வண்டிகள் மைல் கணக்கில் நிற்பதாகச் செய்தியில் காட்டுகிறார்கள். அந்த வண்டிகளில் என் தம்பி இல்லை. பஸ் மறுபடி ஓடுகிறது. இருக்கைகளிலிருந்து ஸ்டிக்கரை உரித்து எடுத்தாலும் பெருக்கல் குறியின் பசை போகவில்லை, தூசி படிந்து இன்னும் கறுப்பாகத் தெரிகிறது. என் பதிவும் போகவில்லை. போன வருடம் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் ஒருவர் அதைக் கைப்பேசியில் போட்டுக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அந்தக் காலத்துல எப்படியெல்லாம் இருந்துருக்கோம் பாருங்கண்ணே" என்று எனக்கும் காட்டினார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது.

வருடா வருடம் அப்பாவின் திதிக்குத் தம்பியைக் கூப்பிடுவேன். வேலை இருக்கிறது என்பான், விடுப்பு இல்லை என்பான். பொய் என்றாலும் மரியாதையாகச் சொல்வான். இந்த வருடம் கூப்பிடுவதற்கு முன் மனைவி சொன்னாள். "இந்தத் தடவயாச்சும் வெளையாட்டு பேசாம கூப்புடுங்க. மன்னிச்சிருடான்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

சொல்லத்தான் நினைத்தேன். போனை எடுத்து அவன் "சொல்லுங்கண்ணே" என்றதும், வாய் பழக்கதோஷத்தில் வேறு ஒன்றைச் சொன்னது.

"வாடா. பஸ்ஸுக்கு இப்ப புது பேட்டரி, ஏர்கோன் ஜில்லுனு இருக்கு. ஆனா உனக்கு அது கெடயாது. அப்பா நாற்காலிய ஹால்ல போட்டு வெச்சிருக்கேன், ராஜா மாதிரி உக்காந்துக்க."

 தம்பி சொன்னான்.

"கேட்டுக்கு வெளியவே போடுங்க."